உப்பில்லாமல்

மனுதாரர்: நவமணி, சிலோன் காலனி, கீழ்க்கோத்தகிரி.
கேட்பது: தம்பி லோகிதாசனைப் பிடித்து வைத்திருந்த
நாட்களின் பதிவுகள்.
சட்டம்: தடா. ஆண்டு: தொண்ணூற்றொன்று.
மாதம் என்ற இடத்தில்
‘மழை' என்று எழுதியிருந்தாள்.

பதில் என்னிடம் முன்பே அடித்து வைத்திருந்தது.
பெயரும் தேதியும்தான் நிரப்ப வேண்டும்.
மேற்படி பிரிவுக்குத் தகவல் சட்டம் பொருந்தாது.
மனித உரிமை மீறல் என்றால் பொருந்தும் என்று
அதே பத்தியில் ஒரு வாசகம் உண்டு.
மாதிரிப் படிவத்தில் அதை யாரும் சேர்க்கவில்லை.
பதினோரு வருடமாக நானும்.

பொது நாட்குறிப்பு: ஈரத்தில் சிதைந்தது.
ஊட்டியில் இதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது.
என் நாற்காலியிலேயே பூஞ்சை பிடிக்கிறது.
மருத்துவச் சான்று: கிடைக்கப் பெறவில்லை.
வாக்குமூலம் மட்டும் பத்திரம்,
நல்ல தமிழில், ஒரு அடித்தல் இல்லாமல்.
கண்காணிப்பாளர் முன் சொன்னால் போதும் என்றது அந்தச் சட்டம்.
சட்டம் தொண்ணூற்றைந்தில் முடிந்தது.
வாக்குமூலம் முடியவில்லை.

கட்டை மூடப்போனவளுக்கு
கணக்குப் பிரிவின் சிவப்பு நாடா கண்ணில் பட்டது.
தணிக்கை ஆட்சேபணை, பத்தி ஏழு, நிலுவை:

‘கைது நவம்பர் பதினெட்டு எனில்
இரண்டாம் தேதியிலிருந்து சாப்பாடு யாருக்கு?'

தொகை நூற்று நாற்பத்தாறு ரூபாய்.
விளக்கம் தராததால் தீர்க்கவில்லை.
தீர்க்காததால் எரிக்கவில்லை.
அந்தத் தணிக்கையாளர் யாரோ,
ஸ்வெட்டருக்குள் விறைத்த விரலோடு
பைசாவைத் தேடியவர்.
ஆளைத் தேடவில்லை அவர்.

பதினாறு பில்கள். கேசவன் நாயர் ஓட்டல், மெயின் பஜார்.
இரண்டாம் தேதி: சாப்பாடு ஒன்று, முட்டை ஒன்று.
மூன்று: சாப்பாடு. நான்கு: சாப்பாடு.
ஐந்து: சாப்பாடு, திரும்பி வந்தது.
ஆறு: கஞ்சி.
ஏழு: கஞ்சி, வடிகட்டியது.
எட்டு: கஞ்சி, வடிகட்டியது, உப்பில்லாமல்.
ஒன்பது: உப்பில்லாமல்.
பத்து: உப்பில்லாமல்.

சாய்ந்த கையெழுத்து, கார்பன் நீலம்.
யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்
உப்பு எரிகிறது என்று.
ஒரு காவலர், அல்லது பில் கொண்டுபோன பையன்.
ஓட்டல்காரர் அதைக் கேட்டு
விலையைக்கூட மாற்றாமல்
எழுதி வைத்திருக்கிறார்.
அந்த நாட்களுக்கு நீதிமன்றக் கோப்பு சொல்வது:
‘எதிரி தலைமறைவாக இருந்தார்.'

கணக்குப் பிரிவுக்கு எந்த விலக்கும் இல்லை.
விதிப்புத்தகத்தை இரண்டு முறை பார்த்தேன்.
மூன்றாம் முறை பார்த்தது பயத்தால்.
ஆணையிட்டவர் என்ற கட்டத்தில்
என் பெயரையே எழுதினேன்.
பேனா ஒருமுறை நின்று, உதறிய பிறகு ஓடியது.

இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்,
தேயிலைக் கறை ஏறிய விரல்கள்.
ஒவ்வொரு நகலையும் வெளிச்சத்தில் பிடித்து
எட்டாம் தேதியில் நின்றாள்.

"வெளியே வந்த பிறகும்
இடது பக்கம் மென்னதே இல்லைங்க.
பல்வலிம்பான். போன கார்த்திகையில
போய்ச் சேர்ற வரைக்கும் பல்வலிதான்."

பிறகு கேட்டாள்:
"இந்த ஓட்டல் இருக்கா?"
மொபைல் கடை ஆகிவிட்டது என்றேன்.
"நாயர்?"
தெரியாது.

பக்கத்துக்கு இரண்டு ரூபாய், முப்பத்திரண்டு.
முந்தானை முடிச்சிலிருந்து எண்ணி வைத்தாள்.
ரசீது வேண்டுமா என்றேன்.
"வேணும். எல்லாத்துக்கும் வேணும்."

ரசீதில் ‘எதன் பொருட்டு' என்று ஒரு கோடு.
கஞ்சி என்று எழுதிவிட்டேன்.
அடித்து,
நகல் என்று எழுதிக் கொடுத்தேன்.